கறுப்புக் காரில் படிந்த சுழல் கீறல்களை முழுமையாக நீக்க முடியுமா?

ஐந்து ஆண்டுகள் ஆன உங்கள் கறுப்புக் காரின் பானெட்டும் கதவுகளும் வெயிலில் சிலந்தி வலை பின்னியது போலத் தெரிகின்றன என்றும், பாலிஷ் போட்டும் ஒரு மாதத்தில் கீறல்கள் திரும்பி வந்துவிட்டன என்றும், இனி முழுக் காருக்கும் மறுபடி பெயிண்ட் அடிப்பதுதான் வழியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெயிண்ட் அடிக்கத் தேவையில்லை. தொழிற்சாலையில் உயர்ந்த வெப்பத்தில் சுட்டு இறுக்கிய பூச்சின் உறுதி வெளிப் பட்டறையில் அடிக்கும் பூச்சில் அவ்வளவாக வாய்ப்பதில்லை. அதைக் காப்பாற்ற வழி இருக்கும்வரை காப்பாற்றுவதே நல்லது.

இதே அனுபவம் எனக்கும் உண்டு. சென்னையில் ஒரு பட்டறையில் என் கறுப்பு செடானுக்குப் பாலிஷ் போட்டுத் திரும்பக் கொடுத்தபோது, அங்கிருந்த டியூப் லைட் வெளிச்சத்தில் அது கண்ணாடி போல இருந்தது. மூன்றாவது வாட்டர் வாஷ் முடிந்த வாரத்தில், இரவு பெட்ரோல் பங்கின் கூரை விளக்குகளுக்கு அடியில் நிறுத்தியபோது பழைய கீறல்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. அவர்கள் பூசிய பாலிஷில் இருந்த எண்ணெயும் மெழுகும் கீறல்களின் பள்ளத்தை நிரப்பி மறைத்திருந்தன. ஷாம்பு அவற்றைக் கழுவிக்கொண்டு போனதும் பள்ளம் வெளியே வந்துவிட்டது. உங்களுக்கு நேர்ந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட்டில்தான் இந்தக் கீறல்கள் விழுகின்றன. இரும்புத் தகட்டின் மேல் உள்ள மொத்தப் பூச்சும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 140 மைக்ரான் வரைதான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 40 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவான அந்தப் படலம்தான் வெயிலின் புற ஊதாக் கதிர்களையும் தாங்குகிறது. கீறலை நீக்குவது என்றால், அதைச் சுற்றியுள்ள பரப்பைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குவது என்றே பொருள். ஆகவே ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் திரும்பக் கிடைக்காத கையிருப்பிலிருந்து சில மைக்ரான்களைச் செலவழிக்கிறோம். நகத்தால் வருடும்போது தட்டுப்படும் கீறலை இந்த முறையில் நீக்க முயலக் கூடாது. அது மிக ஆழமானது.

கீறல்கள் வட்டமாக இருப்பதால் வட்டமாகத் துடைத்ததுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு எல்.இ.டி. டார்ச்சைப் பானெட்டின் மேல் மெல்ல நகர்த்திப் பாருங்கள், வட்டங்களும் கூடவே நகரும். கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. அவற்றுள் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றி வட்டம் போலத் தோன்றுகின்றன.

வேலைக்கு முன் காரை நன்றாகக் கழுவி, நிழலில் வைத்து, வழுக்கும் திரவம் தெளித்துக் களிமண் கட்டியால், அதாவது கிளே பாரால், ஒட்டியிருக்கும் துகள்களை எடுத்துவிட வேண்டும். கட்டி கைதவறித் தரையில் விழுந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். விளிம்புகளிலும் உடற்கோடுகளிலும் பூச்சு மெலிந்திருக்கும் என்பதால் அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டுவது அவசியம். தடிமன் அளக்கும் கருவி இரவலாகக் கிடைத்தாலும் போதும், ஒவ்வொரு பகுதியையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கருவியைப் பொறுத்தவரை, ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி பாலிஷரைப் பழக்கமில்லாதவர் தொடக் கூடாது; வெப்பம் ஓரிடத்தில் குவிந்து பூச்சை எரித்துவிடும், எரிக்காவிட்டாலும் வெயிலில் அலையலையாகத் தெரியும் ஹோலோகிராம்களை விட்டுச் செல்லும். சுழன்றுகொண்டே அதிரும் டி.ஏ. (டூயல் ஆக்ஷன்) பாலிஷரே வீட்டுக்கு ஏற்றது. பூச்சைத் தேய்க்கும் மெத்தையான பேடைப் பொருத்தும் அதன் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தேன். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் பேட் சுழல்கிறது. நின்றுவிட்டால் நான் அதிகமாக அழுத்துகிறேன். முதல் அரை மணி நேரத்தில் அந்தக் கோடு நின்றபடிதான் இருந்தது.

பானெட்டின் நடுவில் இரண்டு அடிக்கு இரண்டு அடி இடத்தில் மட்டும் சோதனை செய்து, அது தேறிய பிறகே மற்ற இடங்களுக்குப் போக வேண்டும். முதலில் மென்மையான ஃபோம் பேடும் மெல்லிய பாலிஷும். அது போதாதபோதுதான் மைக்ரோஃபைபர் பேடும், பூச்சை இன்னும் வேகமாகத் தேய்த்து இறக்கும் வீரியமான காம்பவுண்டும். எனக்கு மெல்லியது போதவில்லை. ஜெர்மனியின் மென்ஸெர்னா நிறுவனத்தின் 400 என்ற காம்பவுண்ட் வரை போக வேண்டியிருந்தது. நான்கைந்து சொட்டு விட்டு, குறுக்கும் நெடுக்குமாக நான்கு முதல் ஆறு முறை மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடைத் தூரிகையால் சுத்தம் செய்தேன். நம் ஊர் வெயிலில் காம்பவுண்ட் வேகமாக உலர்ந்து மாவாக உதிர்ந்துவிடும் என்பதால், காலை ஒன்பது மணிக்குள் நிறுத்திவிட்டு இரண்டு வார இறுதிகளில் வேலையைப் பிரித்துக்கொண்டேன்.

கறுப்பின் உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. காம்பவுண்ட் பழைய கீறல்களை எடுத்துவிட்டுத் தன் பங்குக்கு மிக நுண்ணிய கீறல்களை விட்டுச் செல்லும். வெள்ளைக் காரில் அது கண்ணுக்கே தெரியாது. கறுப்பில் ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு சாம்பல் மங்கலாக நிற்கும். பலர் இந்த இடத்தில் பயந்துபோய் மெழுகு பூசி மறைத்துவிடுகிறார்கள். புதிய மென்மையான ஃபோம் பேடுடன் மென்ஸெர்னா 3800 போன்ற இறுதிப் பாலிஷை எடுத்து, கருவியின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல் ஓட்டியபோது மங்கல் விலகி, மேலிருந்த மின்கம்பிகள் பானெட்டில் கூராகத் தெரிந்தன. அப்போதும் நம்பாமல், தண்ணீர் கலந்து நீர்த்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெயைத் துடைத்தெடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் பிறகும் கீறல் தெரியாவிட்டால்தான் அது போயிருக்கிறது. பூச்சைக் காக்க மேலே பூசும் சீலன்ட்டோ செராமிக் கோட்டிங்கோ அதற்குப் பிறகே.

இத்தனை பாடுபட்டுவிட்டு, கீறல் போட்ட கையிடமே காரை மறுபடி ஒப்படைக்க முடியாது. எங்கள் குடியிருப்பில் தினமும் காலையில் கார் துடைக்க வருபவர் ஒரே வாளித் தண்ணீரில், ஒரே துணியில் பன்னிரண்டு கார்களைத் துடைக்கிறார்; பன்னிரண்டு கார்களின் மண்ணும் கடைசிக் காரில் உப்புத்தாளாக வேலை செய்கிறது. அவர் மேல் குற்றமில்லை, அந்தச் சம்பளத்துக்கு அவ்வளவு நேரம்தான் அவரால் தர முடியும். “அண்ணே, சம்பளம் அதேதான். கண்ணாடியையும் சக்கரத்தையும் மட்டும் துடைச்சாப் போதும், பாடியைத் தொட வேண்டாம்” என்றேன். ஏதோ கோபத்தில் சொல்கிறேன் என்றே ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது ஷாம்புக்கு ஒரு வாளி, கார் தேய்க்கும் கையுறையை அலசுவதற்கு ஒரு வாளி என்று வைத்து நானே வாரம் ஒருமுறை கழுவுகிறேன். போர் தண்ணீரின் உப்புக் கறை படியாமலிருக்க உடனே மைக்ரோஃபைபர் துண்டை ஒற்றி உலர்த்துகிறேன். தூசி தட்டும் தூரிகையை வீட்டு மின்விசிறிக்குக் கொடுத்துவிட்டேன்.

வேலை முடிந்தபின் அளந்தபோது பானெட்டில் 118 ஆக இருந்தது 114 மைக்ரானாகக் குறைந்திருந்தது. டிக்கியின் மேல் இரண்டு ஆழமான கோடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்காக மேலும் ஐந்தாறு மைக்ரானைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. குறிப்பிட்ட கோணத்தில், மாலை வெயிலில் மட்டும் அவை தெரியும்.