பாக்கெட் சப்பாத்தி: சர்க்கரை, பிரஷர் உள்ளவர் சாப்பிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். நான் வேலை முடிந்து வர ஏழரை மணி ஆகிவிடும். அதனால் வாரத்தில் நாலு நாள் கடையில் வாங்கும் அரைவேக்காட்டுச் சப்பாத்திதான். குருமா மட்டும் வீட்டில் வைப்பேன். இதில் கெடுதல் உண்டா, டாக்டர்? – வாசகி, திருப்பூர்

பதில்: அந்த நேரத்துக்கு வந்து மாவு பிசைந்து, தேய்த்துச் சுட யாராலும் முடியாது. வாங்குவதை நிறுத்த வேண்டாம், பார்த்து வாங்குங்கள். பிரஷர் இருப்பதால் முதலில் கவனிக்க வேண்டியது உப்பு.

பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் (உப்பில் இருக்கும் ஒரு பகுதி) எவ்வளவு என்று போட்டிருக்கும். 100 கிராமுக்கு 500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 50 கிராம் சப்பாத்தி மூன்று சாப்பிட்டால் 750 மில்லிகிராம் சோடியம், அதாவது கிட்டத்தட்ட 2 கிராம் உப்பு உள்ளே போகிறது. ஒரு நாள் முழுக்கவே 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குருமாவின் உப்பு இதில் சேரவில்லை. இரண்டு மூன்று கம்பெனிப் பாக்கெட்டுகளை ஒப்பிட்டு, சோடியம் குறைந்ததை எடுங்கள். சப்பாத்தி நாளில் குருமாவுக்கு உப்பைப் பாதியாகக் குறையுங்கள், ஊறுகாய் வேண்டவே வேண்டாம்.

சேர்மானப் பட்டியலில் அதிகம் சேர்த்த பொருள்தான் முதலில் வரும். அங்கே 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்' என்று இருந்தால் அது மைதா, உறையில் கோதுமைக் கதிர் படமே போட்டிருந்தாலும் சரி. உறைந்த பரோட்டா பெரும்பாலும் மைதாவும் எண்ணெயும்தான். அது எப்போதாவது ஒரு நாளைக்கு இருக்கட்டும்.

அடுத்து சர்க்கரை. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டால் போதும் என்று நம் ஊரில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். கோதுமையும் மாவுச்சத்துதானே! நாலைந்து சப்பாத்தி சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அவருக்கு இரண்டு போதும். வயிறு நிறைய வேண்டியது தொட்டுக்கொள்வதில். உருளைக்கிழங்குக் குருமா என்றால் மாவுச்சத்தோடு மாவுச்சத்துதான் சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டைக்கடலையை வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாளைக்கு வரும், வெங்காயம் தக்காளி வதக்கிக் கலந்தால் குருமா தயார். பச்சைப்பயறு ஊறவைக்காமலே குக்கரில் வெந்துவிடும். அதுவும் முடியாத அன்று இரண்டு முட்டையைக் கீரையோடு பொரித்து, சப்பாத்தியில் சுருட்டிக் கொடுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், எந்தச் சாப்பாடு அவருக்கு ஒத்துப்போகிறது என்று தெரிந்துவிடும்.

ஒன்று முக்கியம். சில சர்க்கரை மாத்திரைகளோடு திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். அவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பது எனக்குத் தெரியாததால், குறைப்பதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சப்பாத்தியை இரண்டு பக்கமும் நன்றாக வேகவிட்டே சாப்பிடுங்கள். ஒன்றில் பூஞ்சைப் புள்ளி தெரிந்தாலும் அதை மட்டும் கிள்ளி எறியாமல் பாக்கெட்டையே போட்டுவிடுங்கள்.