‘அதான் ஆள் கொடுத்தாச்சே!’

கேள்வி: ஐசியு இன்சார்ஜாக இருக்கிறேன். நைட்டில் ஆள் குறைந்தால் வார்டு சிஸ்டர் ஒருவரை அனுப்பிவிட்டு, ‘அதான் ஆள் கொடுத்தாச்சே’ என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் டியூபில் சளி அடைத்திருக்கிறதா, மெஷினிலிருந்து வரும் குழாய் (சர்க்யூட்) கழன்றிருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவரைத் தனியாக நிறுத்துவது அவருக்கும் கொடுமை. ஓரளவு தேறிய நோயாளியை அவருக்குக் கொடுங்கள், பக்கத்து பெட்டில் சீனியர் இருக்கட்டும். பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து ஓடும் பெட் மட்டும் உங்கள் ஆளிடம்தான். சிரிஞ்ச் மாற்றத் தடுமாறினால் பிரஷர் சரிந்துவிடும். கலிஃபோர்னியாவில் 2004-ல் வந்த விதிப்படி, உயிருக்குப் போராடும் நிலையில் அவசரப் பிரிவுக்கு வரும் விபத்து நோயாளிக்கு ஆளுக்கொரு நர்ஸ். இங்கே அது நடக்காது, சரி. ஷிஃப்டுக்கு எத்தனை வென்டிலேட்டர், எத்தனை ஆள் என்று நோட்டில் எழுதி சூப்பரின்டென்டெண்டிடம் தினமும் கையெழுத்து வாங்குங்கள்.