தூதரக அலுவலர் கிளிநொச்சிக்கு வரும்போது காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் என்ன கொண்டுபோக வேண்டும்?

மேற்கு நாடொன்றின் தூதரகத்திலிருந்து அரசியல் பிரிவு அலுவலர் வருகிறார், தாய்மாருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார், என்ன கொடுப்பது, என்ன கேட்பது, இதால் ஏதும் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். தூதரகம் முறைப்பாடு பதியும் இடமில்லை. 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரைப்படி, நாட்டு நிலைமையைச் சட்டபூர்வமாக அறிந்து தன் அரசாங்கத்துக்கு எழுதுவது தூதரகத்தின் வேலைகளில் ஒன்று. 41ஆம் உறுப்புரை உள்நாட்டு விடயங்களில் தலையிடக் கூடாது என்கிறது. ஆகவே வருபவர் கொழும்புக்குத் திரும்பி ஒரு குறிப்பு எழுதுவார். அதில் "தாய்மார் வேதனையில் இருக்கிறார்கள்" என்பது மட்டும் இருந்தால் அதை வைத்து ஒருவரும் எதையும் கேட்க முடியாது. பெயர், திகதி, இடம், கோப்பு இலக்கம் இருந்தால், வெளிவிவகார அமைச்சோடு நடக்கும் அடுத்த சந்திப்பில் "இந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்கலாம். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களின் போராட்டம் தொடங்கியதிலிருந்து தாய்மார் எத்தனையோ தூதர்களிடம் அழுதுவிட்டார்கள். அந்தக் கண்ணீர் கடுதாசியாகவும் போக வேண்டும்.

ஒரு ஆளுக்கு ஒரு பக்கம், ஏ4 தாளில், ஆங்கிலத்தில். பின்பக்கத்தில் தமிழ். அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எழுதுங்கள். பெயரில்தான் முதல் சிக்கல் வரும். பொலிஸில் சிங்களத்தில் ஒரு மாதிரி, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் துண்டில் இன்னொரு மாதிரி, ஆணைக்குழுவில் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரே வரியில் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே பிள்ளை மூன்று ஆளாகப் பதிவாகும், அல்லது பதிவே இல்லை என்று பதில் வரும்.

அடுத்தது திகதி. நாங்கள் "வைகாசி 18" என்றால், 2009இல் போர் முடிந்த மே 18. ஆனால் பஞ்சாங்கப்படி வைகாசி மே நடுப்பகுதியில்தான் பிறக்கிறது. வெளியூர் மொழிபெயர்ப்பாளர் அதைக் கணக்குப் பார்த்து ஜூன் மாதத்துக்குக் கொண்டுபோய்விடுவார். "2009 மே 18" என்று மாதத்தின் பெயரோடு எழுதுங்கள். திகதி சரியாகத் தெரியாவிட்டால் "மே 16க்கும் 18க்கும் இடையில்" என்று எழுதலாம். ஊகித்து ஒரு நாளைப் போட்டுவிட்டால், பிறகு வேறு கோப்போடு முரண்பட்டு முழுக் கோப்பும் கெடும்.

இடத்தை "வட்டுவாகல் பாலம், கரைதுறைப்பற்று பிரதேச செயலகப் பிரிவு, முல்லைத்தீவு மாவட்டம்" என்ற அளவுக்கு எழுத வேண்டும். "ஆமி பிடித்தது" போதாது. குடும்பம் கையால் ஒப்படைத்ததா, அறிவித்தலைக் கேட்டுத் தானாகச் சரணடைந்தாரா, ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பிரித்து எடுத்தார்களா, செட்டிகுளம் முகாமிலிருந்து கொண்டுபோனார்களா? இவை வேறு வேறு. பஸ்ஸில் ஏற்றியதை யார் கண்டார், கூட யார் ஏறினார் என்பதும் வேண்டும். "காணாமல் போனார்" என்று சொன்னால் செல்லடியில் தவறியவரோடு சேர்த்துவிடுவார்கள். கண் முன்னால் கையளித்தவரை "கையளித்தோம்" என்றே சொல்லுங்கள்.

இயக்கம் (விடுதலைப் புலிகள்) கட்டாயமாகக் கொண்டுபோன பிள்ளை என்றால் அதையும் மறைக்காதீர்கள். கடைசியாக யாருடைய கையில் இருந்தார் என்பதுதான் கேள்வி. மரணச் சான்றிதழ் எடுத்திருந்தால், என்ன தேவைக்கு எடுத்தோம் என்று ஒரு வரி சேருங்கள். மறைத்தது பிறகு வெளியே வந்தால் மற்ற உண்மைகளையும் நம்பமாட்டார்கள்.

கீழே இலக்கங்கள்: பொலிஸ் முறைப்பாடு, மனித உரிமைகள் ஆணைக்குழு, காணாமல் போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழு, ஓ.எம்.பி (காணாமல் போனோர் பற்றிய அலுவலகம்), ஆட்கொணர்வு மனு இருந்தால் அதன் வழக்கிலக்கம். மூலப்பிரதியை ஒருவரிடமும் கொடுக்க வேண்டாம், போட்டோக்கொப்பி போதும். படம் எடுக்க விட்டால் அது எங்கே வெளிவரும் என்று முதலே கேளுங்கள். பெயரை வெளியிடக் கூடாதென்றால் தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள். வந்தவர் போன பின் "யார் வந்தது, என்ன கதைத்தது" என்று விசாரிக்க ஆட்கள் வருவார்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவைப்பது நல்லது.

எல்லாத் தாய்மாரும் பேச முக்கால் மணி நேரம் காணாது. மூன்று பேர் பேசட்டும், மற்றவர்களின் தாள்கள் போகட்டும். மொழிபெயர்ப்பில் பாதி நேரம் போய்விடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அவரால் செய்யக்கூடியதைக் கேளுங்கள். ஆட்கொணர்வு வழக்குத் தவணைக்குப் பார்வையாளரை அனுப்பலாம். குறித்த கோப்பு இலக்கத்தைச் சொல்லி ஓ.எம்.பியிடம் விளக்கம் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடென்றால், இலங்கையின் ஏற்றுமதிக்கு ஒன்றியம் தரும் ஜி.எஸ்.பி பிளஸ் வரிச்சலுகை 27 சர்வதேச உடன்படிக்கைகளோடு கட்டப்பட்டது, அந்தக் கண்காணிப்பில் இதைச் சேர்க்கச் சொல்லலாம். "எங்கள் வழக்கை ஐ.நா.வுக்குக் கொண்டுபோங்கள்" என்று கேட்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான். அது அவருடைய வழி இல்லை, உங்களுடையது.

அந்த வழி, 1980இல் தொடங்கிய ஐ.நா. காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய பணிக்குழு. ஐந்து பேர் கொண்டது. குடும்பமோ, குடும்பத்தின் சம்மதத்தோடு ஓர் அமைப்போ அனுப்பலாம். உள்ளூர் நீதிமன்றங்களை முடித்துவிட்டு வா என்று கேட்கமாட்டார்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் என்றால் அவசர நடைமுறை, 2009 கோப்புகளுக்குச் சாதாரண நடைமுறை. இலங்கை 2016இல் ஏற்ற காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான உடன்படிக்கையின் குழுவுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். அதன் அவசர நடவடிக்கை, உடன்படிக்கை நடைமுறைக்கு வருமுன் நடந்தவற்றுக்கு இல்லை.

பணிக்குழுவிடம் கோப்புப் போனதோடு வேலை முடியாது. அரசாங்கம் தெளிவான விபரத்தோடு பதில் அனுப்பினால் அது அனுப்பியவருக்கு வரும். ஆறு மாதத்துக்குள் மறுக்காவிட்டால் அந்தக் கோப்பு "தெளிவுபடுத்தப்பட்டது" என்று மூடப்படலாம். 2009க்குப் பிறகு முகாமிலிருந்து மீள்குடியேற்றத்துக்கு, அங்கிருந்து வாடகை வீட்டுக்கு என்று எத்தனை விலாசம் மாறிவிட்டது. தாய் இறந்து கோப்பு அவர் பெயரிலேயே கிடக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. விலாசம், தொலைபேசி, தொடர்பாளர் மாறியதை இந்தக் கிழமையே எழுதி அறிவியுங்கள். இரண்டாவது தொடர்பாளராக இளைய பிள்ளை ஒருவரின் பெயரையும் சேருங்கள்.

2021இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானத்தால் உருவான ஜெனீவாவின் பொறுப்புக்கூறல் செயற்றிட்டம் வேறு. அது சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாக்கிறது, ஆளைத் தேடித் தராது. அதே ஒரு பக்கத் தாளை அங்கும் அனுப்பலாம்.

சந்திப்பு முடிந்து ஒரு கிழமைக்குள், கொடுத்த தாள்களின் எண்ணிக்கை, கேட்டவை, அவர் ஒத்துக்கொண்டவை மூன்றையும் ஒரு சிறு மின்னஞ்சலாக அவருக்கு எழுதுங்கள். தூதரக அலுவலர்கள் சில வருடங்களில் மாறிப்போவார்கள். அடுத்து வருபவரிடம் கொடுக்க அந்த மின்னஞ்சலின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.