ஃபோகல் ரெட்யூசர்: கடலூர், புதுச்சேரி நண்பர்கள் கேட்டவை

லாஸ்பேட்டை: சார், என்னிடம் 8 அங்குல ஷ்மிட்-கேசக்ரெய்ன் தொலைநோக்கி இருக்கிறது. 0.63 ரெட்யூசர் போட்டால் அதிக வெளிச்சம் உள்ளே வருமா?

வராது. ரெட்யூசர் என்பது தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி, குவியத் தூரத்தைக் குறைக்கும் லென்ஸ். வெளிச்சத்தை வாங்குவது முன்னால் இருக்கும் 8 அங்குல வாய்தான். அது அப்படியேதான் இருக்கிறது. குறைவது குவியத் தூரம் மட்டும்: 2032 மி.மீ. சுமார் 1280 ஆகிறது, எஃப்/10 (குவியத் தூரத்தை வாயின் அகலத்தால் வகுத்த எண்) எஃப்/6.3 ஆகிறது. வந்த வெளிச்சம் சின்ன இடத்தில் விழுவதால் ஒரு பிக்சலுக்கு இரண்டரை மடங்கு கிடைக்கும். ஐந்து நிமிடம் கேட்ட நெபுலாவுக்கு இரண்டு நிமிடம் போதும், உருவம்தான் சிறுத்திருக்கும்.

என்னைக் கேட்டால் பெரிய லாபம், ஒரே படத்தில் அடங்கும் வானப் பரப்புதான். ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது எழுவதே இல்லை. நமக்கோ தெற்கே 30 டிகிரி உயரத்துக்கு வருகிறது. அகலம் அரை டிகிரிக்கு மேல். ஏபிஎஸ்-சி சென்சாரில் (சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் அளவு) எஃப்/10-இல் மேலும் கீழும் வெட்டுப்படும். ரெட்யூசர் போட்டால் முழுக் கொத்தும் அடங்கும். அதை விட்டுவிடாதீர்கள்!

மஞ்சக்குப்பம்: அண்ணா, ரிஃப்ராக்டரில் (லென்ஸ் தொலைநோக்கி) ரெட்யூசர் மாட்டியதும் ஓரத்து நட்சத்திரங்கள் இழுபடுகின்றன. லென்ஸ் கோளாறா?

பெரும்பாலும் இடைவெளிக் கோளாறு. ரிஃப்ராக்டர் ரெட்யூசர்கள் பலவற்றுக்கும் சென்சார் ரெட்யூசரிலிருந்து 55 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். கேனான் டிஎஸ்எல்ஆர் என்றால் கேமரா உடலுக்குள் 44, கேமராவை மாட்டும் டி-ரிங் வளையத்தில் 11, கணக்கு சரி. முகப்பிலிருந்து சென்சார் 17.5 மி.மீ. உள்ளே இருக்கும் வானியல் கேமராவுக்கு 37.5 ஸ்பேசர் (இடைவெளி வளையம்) வேண்டும். நடுவில் 2 மி.மீ. ஃபில்டர் இருந்தால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கை இடைவெளியோடு கூட்டுங்கள்.

அப்புறம் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நட்சத்திரங்கள் மையத்திலிருந்து வெளியே நீண்டிருந்தால் பொதுவாக சென்சார் கிட்டே இருக்கிறது, ஸ்பேசர் சேருங்கள். மையத்தைச் சுற்றி வளைந்திருந்தால் தூரம் அதிகம், குறையுங்கள். அரை மில்லிமீட்டரே வித்தியாசம் காட்டும். ஒரே ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் கேமரா சாய்ந்திருக்கிறது, ஸ்பேசரைத் தொட வேண்டாம்.

வில்லியனூர்: நியூட்டோனியனில் (கண்ணாடித் தொலைநோக்கி) போடலாமா?

சாதாரண ரெட்யூசர் வேண்டாம். குவியம் உள்ளே போய்விடும், ஃபோகசர் எட்டாது. ஓரத்து நட்சத்திரங்கள் வால்போல் நீள்வதைச் சரிசெய்யும் கோமா கரெக்டர் வாங்குங்கள்.

நெல்லிக்குப்பம்: வியாழனுக்கு உதவுமா?

உதவாது தம்பி. கோளுக்கு உருவத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸ்தான்.

தேவனாம்பட்டினம்: ஊர் வெளிச்சத்தை ரெட்யூசர் சமாளிக்குமா சார்?

சமாளிக்காது. வானத்தின் வெளுப்பும் அதே அளவு கூடும். எக்ஸ்போஷரைக் குறைத்து, ஃப்ரேம்களை நிறைய எடுத்து மென்பொருளில் ஒன்றாக அடுக்குங்கள். கரையிலிருந்து கிழக்கே கடல்தான், விளக்கு இல்லை. அதனால் உச்சிக்கு வருமுன், கிழக்கில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். நம் கடற்காற்றில் ரெட்யூசரை ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்தபின் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போடுங்கள்.

லாஸ்பேட்டை: மூலைகள் இருண்டால்?

ஃப்ளாட்ஸ் எடுங்கள், அதாவது மூலை இருட்டைச் சரிசெய்ய உதவும் சீரான வெளிச்சப் படங்கள். ரெட்யூசரைக் கழற்றாமல், கேமராவைத் திருப்பாமல், குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி விடியல் வெளிச்சத்தில் எடுத்தால் போதும்.