முழுநேர வேலையை வைத்துக்கொண்டு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியும். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். வேலையை விடாமல், சம்பளமில்லா லீவு எடுக்காமல்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில்கள் பெங்களூருக்காரருக்கோ டெல்லிக்காரருக்கோ பொருந்தும், நமக்குப் பொருந்தாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெல்லியில் பஸ் ஏறினால் விடியும்போது இமயமலை அடிவாரத்தில் இறங்கலாம். நாகர்கோவிலில் ஏறினால் விடியும்போதும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலோ கேரளாவிலோதான் இருப்போம். அதனால் நான் ஊரை முதலில் தேர்ந்தெடுப்பதில்லை. ரயிலைப் பார்த்துவிட்டுத்தான் ஊரை முடிவு செய்வேன்.

நமக்கு வெளியே போக இரண்டு பாதை. ஒன்று ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி, மதுரை. இன்னொன்று குழித்துறை வழியாகத் திருவனந்தபுரம், எர்ணாகுளம். வங்கிக்காரர்களுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை. அந்த வாரங்களை இந்த இரண்டு பாதைக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வட்டம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி, தென்காசி, செங்கோட்டை, அங்கிருந்து மலையேறி புனலூர், கொல்லம், அப்புறம் திருவனந்தபுரம் வழியாக வீடு. செங்கோட்டை - கொல்லம் பாதை 1904-ல் மீட்டர் கேஜாகத் தொடங்கியது, 2018-ல் முழுவதும் அகலப்பாதையானது. கழுதுருட்டி பக்கம் பதின்மூன்று வளைவுக் கல்பாலம் ஒன்று வரும். மலைப் பகுதியைப் பகலில் கடக்கும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள், இரவில் போனால் இருட்டைத்தான் பார்க்க வேண்டும். 'தென்காசியெல்லாம் ஒரு பயணமா?' என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும்.

தூரப் பயணத்துக்கு வருஷத்தில் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால் மனசு நிம்மதியாக இருக்கும். அதை எப்போது வைப்பது என்பதில்தான் சூட்சுமம். மார்ச் கடைசி, செப்டம்பர் கடைசி கணக்கு முடிக்கும் நேரம், அப்போது மேனேஜர் முகத்தைப் பார்த்து லீவு கேட்கவே முடியாது. எங்கள் கிளையில் பாதிப் பேருக்குக் கிறிஸ்துமஸ் லீவு வேண்டும். நான் அதை விட்டுக்கொடுத்துவிட்டு ஜனவரி கடைசியையோ பிப்ரவரியையோ கேட்டு வாங்கிக்கொள்வேன். கூட்டம் குறைவு, அறை வாடகையும் குறைவு, கூட வேலை பார்ப்பவர்களுக்கும் சந்தோஷம். (நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குக் கலெக்டர் லீவு விடும்போதெல்லாம், செலாவணி முறிச் சட்டப்படி இது பொது விடுமுறை அல்ல என்று ஒரு வரி சேர்ந்தே வரும். வங்கிக்கு லீவு அந்தச் சட்டப்படிதான். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், நான் கவுண்டரில் இருப்பேன்.)

போகும்போது ரயில், வரும்போது விமானம். இது என் கொள்கை. போகும்போது அவசரம் இல்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து போவதே பாதிப் பயணம். திரும்பும்போது திங்கட்கிழமை காலை கையெழுத்துப் போட வேண்டும். அதிலும் டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனியால் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும். கன்னியாகுமரியிலிருந்து பனாரஸுக்கு வாராந்திர வண்டி ஒன்று இருக்கிறது. காசிக்குப் போக அதில் ஏறலாம், வருவதற்கு அதை நம்பி லீவு கணக்குப் போடாதீர்கள். திருவனந்தபுரம் விமான நிலையம் நமக்குப் பக்கம்தான். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாள். அதாவது லீவு உறுதியான பிறகே டிக்கெட் எடுக்க வாய்ப்பிருக்கிறது, எனக்கு இது வசதிதான்.

கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது, நாட்டிலேயே நீண்ட தூரம் போகும் ரயில். அதில் கடைசி வரை போவது வீரம், லீவு வீண். கேரளா போய், பாலக்காடு வழியாக மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்து ஆந்திரா ஏறும் அந்த வண்டியில் விசாகப்பட்டினம் வரை போங்கள். அங்கிருந்து காலையில் கிரண்டுல் பாசஞ்சரில் ஏறினால் மலை, சுரங்கப்பாதை, மறுபடி மலை என்று அரக்குப் பள்ளத்தாக்கு வரும். கையில் வீட்டு முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வற்றலும் இருந்தால் இரண்டு நாளும் கெடாது. 'எதுக்கு மக்களே இவ்வளவு தூரம்?' என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே பொட்டலம் கட்டித் தருவாள்.

வார இறுதியோடு ஒரு நாள் சேர்ப்பதாக இருந்தால் எல்லோரும் திங்கட்கிழமையைக் கேட்பார்கள். நான் வெள்ளிக்கிழமையைக் கேட்பேன். டெல்லி செங்கோட்டை உட்பட பல இடங்களுக்குத் திங்கள் விடுமுறை. நம் பத்மநாபபுரம் அரண்மனையும் திங்கட்கிழமை திறக்காது. விதிவிலக்கு உண்டு: தாஜ்மஹாலும் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். டிக்கெட் எடுப்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவு கிடைக்காத ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஊருக்குள்ளேயே சுற்றலாம். மார்த்தாண்டம் பக்கம் சிதறால் மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை, 115 அடி உயரத்தில் நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாம் ஒரு பஸ் தூரம்தான். டிலனாய் 1741-ல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு அதே திருவிதாங்கூர் படைக்குத் தளபதியானவர். தினமும் அந்தக் கோட்டையைத் தாண்டி வேலைக்குப் போகிற என் நண்பர் ஒருவர் உள்ளே போனதே இல்லை.

செலவைப் பற்றி ஒன்று. வங்கிக்காரர்களுக்கு எல்.எஃப்.சி., மத்திய அரசு ஊழியர்களுக்கு எல்.டி.சி. இருக்கும், அதாவது லீவில் போகும் பயணத்தின் டிக்கெட் செலவை வேலை கொடுப்பவரே தரும் சலுகை. அதை மதுரைக்குப் போய்த் தீர்க்காமல் வடகிழக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அருணாச்சலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நான்குக்கும் இன்னர் லைன் பெர்மிட், அதாவது வெளிமாநிலத்தவர் உள்ளே நுழைவதற்கான அனுமதிச் சீட்டு வேண்டும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், டிக்கெட் உறுதியான கையோடு போட்டுவிடுங்கள்.