தேர்தல் முடிந்த பிறகு தோட்டத்தில் என்ன செய்யலாம்?

தம்பி, "ஓட்டுப் போட்டு என்ன கண்டோம், லயத்து ரோடு அப்படியேதானே கிடக்கு" என்று இலங்கை மலையகத்தில் உள்ள உங்கள் தேயிலைத் தோட்டத்துப் பொடியன்கள் ஒதுங்குவதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் கோபம் நியாயமானது. அதனால் இப்போதைக்கு ஓட்டுப் பேச்சை விட்டுவிட்டு, லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் போகிற அந்த ரோட்டையே கையில் எடுங்கள்.

"எஸ்டேட் ரோட்டுக்குப் பிரதேச சபை காசு செலவழிக்க முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டது, இப்போது தோட்டங்களுக்குள்ளும் சபை வேலை செய்யலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சபைக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. இரண்டே கேள்வி: இந்த ரோட்டுக்கு இந்த வருடம் ஒதுக்கீடு உண்டா? வேலை எப்போது தொடங்கும்? பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று சபை முடிவு சொல்ல வேண்டும். கையெழுத்தை அதிகம் கோபப்படுகிற பொடியனே போடட்டும். வருகிற பதிலை, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற பிரட்டுக்களத்தில் எல்லாருக்கும் சத்தமாக வாசியுங்கள். அப்புறம் அதே தாளோடு உங்கள் வட்டார உறுப்பினரைப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, வாக்காளர் இடாப்பு, அதாவது வாக்காளர் பட்டியல். அது வருடா வருடம் திருத்தப்படுகிறது. கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகளின் பெயர்தான் சத்தமில்லாமல் விடுபடும். கிராம சேவகரிடம் பட்டியலைக் கேட்டு, லயம் லயமாகச் சரிபாருங்கள். பதினெட்டு வயதானவர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். 1948இல் நம் மலையகத் தமிழரிடமிருந்து பறிபோன குடியுரிமை, மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டத்தால் கிடைத்தது. அதை வீட்டுப் பெரியவர்களே பிள்ளைகளுக்குச் சொன்னால் நன்றாக ஏறும்.

விண்ணப்பம் எழுதுவதில் சிக்கல் வந்தால் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.