விண்ணப்பத்துக்கு முன் ஒரு நோட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

எனக்கு 33 வயது. பி.காம். முடித்ததும் திருமணம். பத்து வருடம் வீட்டோடு போய்விட்டது. சின்னவனும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டதால் குரூப் 4 எழுதலாம் என்று படித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் டிஎன்பிஎஸ்சி பதிவு போட பிரவுசிங் சென்டருக்குப் போனேன். சாதிச் சான்றிதழ் எண் என்ன, யார் கொடுத்தது, எந்தத் தேதி என்று கேட்டது. ஒன்றும் தெரியவில்லை. சான்றிதழ்கள் எல்லாம் அம்மா வீட்டில், அண்ணனின் பீரோவில் இருக்கின்றன. அதோடு ஆதாரில் என் இனிஷியல் கணவர் பெயருக்கு மாறியிருக்கிறது, மார்க் ஷீட்டில் அப்பாவின் இனிஷியல். பின்னால் நாலைந்து பையன்கள் காத்திருந்தார்கள். எழுந்து வந்துவிட்டேன். என்னைப் பற்றிய விவரமே எனக்குத் தெரியவில்லையே என்று ராத்திரி முழுக்க அழுகையாக வந்தது. முன்கூட்டியே என்னென்ன எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்?

பெயர் வேண்டாம் சார்.

*

அன்புள்ள சகோதரி,

எழுந்து வந்தது சரியான காரியம். வரிசையில் ஆள் நிற்கிறதே என்ற கூச்சத்தில் தோன்றிய தேதியைத் தட்டிவிட்டு, தேர்விலும் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. கடைசி நாள் முடிந்த பிறகு விண்ணப்பத்தைத் திருத்த வழக்கமாக மூன்று நாள் தருகிறார்கள். தாள் கையில் இல்லாதவருக்கு அந்த மூன்று நாள் எதற்கு உதவும்? சான்றிதழ் எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவர் யாரும் கிடையாது. அந்தப் பையன்களிடம் கேட்டிருந்தாலும் பையைத்தான் திறந்திருப்பார்கள். அதற்காக அழாதீர்கள்.

முதல் வேலை, அம்மா வீட்டுக்குப் போய் அசல் சான்றிதழ்கள் அத்தனையையும் எடுத்து வருவது. அண்ணனிடம் தயங்கிக் கேட்க வேண்டிய விஷயம் இல்லை இது. நம் வீடுகளில் கல்யாணத்தின்போது எத்தனை பவுன், எத்தனை பாத்திரம் என்று பட்டியல் போட்டு அனுப்புகிறார்கள். அந்தப் பெண் பன்னிரண்டு, பதினைந்து வருடம் படித்து வாங்கிய தாள்களை மட்டும் பிறந்த வீட்டு பீரோவிலேயே விட்டுவிடுகிறார்கள். இதை நான் பல வீடுகளில் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். இனி அவை உங்கள் வீட்டில், உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தாளைப் பார்த்துப் பார்த்து உங்கள் கையாலேயே எழுதுங்கள். பத்தாம் வகுப்பு: பதிவெண், சான்றிதழ் எண், தேறிய மாதம், வருடம், பள்ளியின் பெயர், பயிற்று மொழி. பன்னிரண்டாம் வகுப்புக்கும் இதேதான். பட்டத்துக்கு புரொவிஷனல், கான்வொகேஷன் இரண்டின் எண்ணும் தேதியும் வேண்டும். பெயரை எழுத்துக்கு எழுத்து, புள்ளி எங்கே, இடைவெளி எங்கே என்பது வரை, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிறபடியே எழுதுங்கள். பிறந்த தேதியும் அதில் உள்ளதுதான். எனக்கு வீட்டில் பாயசம் வைப்பது ஐப்பசியில், சான்றிதழில் ஜூன் மாதம். பள்ளியில் சேர்ப்பதற்காக அந்தக் காலத்துத் தலைமை ஆசிரியர்கள் போட்ட தேதி. எந்தப் படிவத்திலும் நான் ஜூன்தான்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் உங்களுக்கு ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மணமான பெண்ணுக்கு அது தந்தை பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் இருந்தால் செல்லாது. அண்ணன் பீரோவில் இருப்பது கல்யாணத்துக்கு முன் வாங்கியதாகத்தான் இருக்கும், ஆகவே கவலை இல்லை. ஒருவேளை தொலைந்திருந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், ஆனால் தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். விஏஓ, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும். நாளை வங்கித் தேர்வோ மத்திய அரசுத் தேர்வோ எழுதும் எண்ணம் வந்தால், இந்தச் சான்றிதழ் அங்கே போதாது. பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்றால் மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடிப்பது தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழ், பிஎஸ்டிஎம் என்பார்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு இடங்கள் முன்னுரிமையாகக் கிடைக்கின்றன. 2020இல் அதைத் திருத்தி, கேட்கப்படும் கல்வித் தகுதி வரைக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். உங்கள் பி.காம். ஆங்கில வழியாக இருந்தால் இது நமக்கு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். குரூப் 4 கேட்கும் தகுதி பத்தாம் வகுப்புதான், ஒன்று முதல் பத்து வரை தமிழ் வழி என்றால் போதும். ஆனால் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கையெழுத்து வாங்க வேண்டும். ஊர்த் தொடக்கப் பள்ளி, பிறகு உயர்நிலைப் பள்ளி என்று அலைச்சல் இருக்கும். மே மாதம் போனால் தலைமை ஆசிரியர் இருக்க மாட்டார். பழைய தொடக்கப் பள்ளி மூடப்பட்டிருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். படிவம் டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் இருக்கிறது, அதையே அச்செடுத்துக்கொண்டு போங்கள். விண்ணப்பிக்கத் தருவது ஏறக்குறைய ஒரு மாதம், அதற்குள் இத்தனை வாசலும் ஏறி இறங்க முடியாது. இந்த ஒன்றுக்காகவே நான் எல்லோரிடமும் அறிவிப்புக்கு முன்பே ஆரம்பியுங்கள் என்கிறேன்.

இனிஷியலுக்கு வருகிறேன். மார்க் ஷீட்டை மாற்றுவது பெரும்பாடு, ஆகவே ஆதாரை அதற்கு ஒத்துப்போகும்படி மாற்றுங்கள் என்பது என் யோசனை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். உங்களுக்கு ஒரு முறை ஏற்கெனவே செலவாகியிருக்கலாம். அதனால் எந்த ஆவணம் வேண்டும் என்று மையத்தில் முதலிலேயே கேட்டுக்கொண்டு, திரையில் எழுத்துகளை நீங்களே சரிபார்த்த பிறகு ஒப்புதல் கொடுங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழையும் கோப்பில் வையுங்கள். இரண்டு இனிஷியலும் ஒரே ஆள்தான் என்று காட்டும் தாள் அது. தனியார் நிறுவனப் படிவங்களில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் என்று இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டீர்களா, இனிஷியலை மட்டும் போட்டீர்களா என்று நோட்டில் குறித்துவைத்து, எல்லா இடத்திலும் அதையே போடுங்கள்.

செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு மையத்துக்காரர் அவசரத்தில் தன் மின்னஞ்சலையே போட்டுக் கொடுத்துவிட்டார். ஹால் டிக்கெட் எடுக்கும் வாரம் கடையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். கடவுச்சொல்லும் தெரியாமல் அவள் அலைந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். 150 ரூபாய் கட்டிச் செய்யும் இந்த டிஎன்பிஎஸ்சி பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும். அத்தனை வருடமும் உங்கள் கையில் இருக்கும் எண்ணாகக் கொடுங்கள். கடவுச்சொல்லை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், நோட்டை மட்டும் மையத்தில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

இவ்வளவு விவரம் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் அதைக் காக்கவும் வேண்டும். வீட்டிலிருந்தே வேலை என்று வாட்ஸ்ஆப்பில் படிவம் வரும். நேர்காணல் என்ற பேச்சே இல்லாமல் ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்கும். கொடுக்காதீர்கள். நேர்மையான நிறுவனம் வங்கிக் கணக்கைச் சம்பளம் போடத்தான் கேட்கும். ஓடிபியை யாருக்கும் சொல்ல வேண்டாம். ஆதார் நகல் தந்தே ஆக வேண்டிய இடங்களில் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரை ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பீரோவைத் திறக்கும்போது உங்கள் டி.சி.யையும் தேடி எடுங்கள். அதில் அங்க அடையாளங்கள் என்று இரண்டு வரி இருக்கும். வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது காலில் ஒரு தழும்பு என்று யாரோ ஓர் ஆசிரியர் உங்களை அருகில் கூப்பிட்டு, பார்த்து எழுதியது. உங்களைப் பற்றிய விவரம் உங்களுக்குத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு வரியிலிருந்து நோட்டை ஆரம்பியுங்கள்.

பதிவு முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.